போறணை வாசலில் ஒரு வழக்கு

பாண் சுடும் அடுப்பை நாம் போறணை என்கிறோம். தமிழ்நாட்டு அன்பர் ஒருவரிடம் இச்சொல்லைச் சொன்னால் விழிப்பார். பாண் என்றாலும் விழிப்பார். இரண்டும் போர்த்துக்கேயர் நம்மிடம் விட்டுச் சென்ற சொற்கள். அவர்களுடைய 'ஃபோர்னோ' நமது நாவிலே போறணை ஆயிற்று. இத்தாலியரும் அவ்வடுப்பை ஃபோர்னோ என்றே சொல்லுகின்றனர்; பாணை அவர்கள் 'பானே' என்பர். எல்லாம் இலத்தீன் என்னும் ஒரு தாயின் பிள்ளைகள். ஆகவே 2024ஆம் ஆண்டு சித்திரை விடுமுறையிலே நேப்பிள்ஸ் துறைமுகத்தில் நான் கால் வைத்தபோது, இத்தாலிய மொழியில் இரண்டு சொற்களுக்கு ஏற்கெனவே உரிமையாளனாக இருந்தேன். எனக்கு இடப்பட்டிருந்த பணிக்கு அவ்விரண்டும் போதுமாயிருந்தன.

பணி இன்னதென்று சொல்லிவிடுகிறேன். என் தமக்கையார் சிசிலித் தீவிலுள்ள பலேர்மோ நகரில் வாழ்கின்றார். அங்கே நம்மவர் பலர் குடியேறியிருக்கின்றனர். அந்நகரைக் காக்கும் புனிதை ரோசாலியாவின் மலைக்கோயிலுக்குச் சைவர்களும் வெறுங்காலோடு நேர்த்தி வைத்து ஏறுவது வழக்கம். அது வேறொரு வாரத்துக்கு உரிய பொருள். தமக்கையாரின் மகன் பன்னிரண்டு வயது வரை என் வகுப்பிலேயே படித்தவன். பின்னர் தாயிடம் சென்றான், படிப்பை முடித்தான், ஏதேனும் ஓர் அலுவலகத்தில் அமர்வான் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, அவன் நேப்பிள்ஸுக்குப் போய்ப் பீட்சாக் கடை ஒன்றிலே விறகு சுமந்தான். நான்கு ஆண்டுகளில் விறகிலிருந்து மாவுக்கு உயர்ந்தான். இப்பொழுது சேர்த்த பணத்தோடு யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி ஒரு பீட்சாக் கடை வைக்கப் போவதாக எழுதியிருந்தான். "தம்பி, நீ சொன்னால் அவன் கேட்பான். போய்ப் புத்தி சொல்லிவிட்டு வா" என்றார் தமக்கையார். மாலையில் பலேர்மோவில் ஏறினால் கப்பல் விடியும் வேளைக்கு நேப்பிள்ஸை அடைகிறது. இரவு முழுவதும் நான் சொல்ல வேண்டிய புத்திமதியைத் தொகுத்துக்கொண்டிருந்தேன். ஆசிரியத் தொழிலில் இருபது ஆண்டு கழித்தவனுக்கு அது கடினமான காரியமன்று.

காலையில் வெசூவியஸ் மலை நீலப் புகாரினூடே தோன்றிற்று. மருமகன் துறைமுகத்தில் நின்றான். நான் வாய் திறக்குமுன்பே அவன் வழக்கை மறித்துவிட்டான். "மாமா, அம்மா என்ன சொல்லி அனுப்பினவா என்று எனக்குத் தெரியும். தீர்ப்பைப் பிறகு சொல்லுங்கோ. முதல் ஒரு தெருவைக் காட்டுகிறன். அந்தத் தெருவிலை ஆகத் திறம் பீட்சா எது என்று நீங்களே கண்டுபிடியுங்கோ. அதுக்குப் பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் கேட்கிறன்."

கேட்பதற்கு எளிதாகத்தான் இருந்தது.

அவன் காட்டிய தெருவின் பெயர் 'வியா தெயி திரிபுனாலி'. நீதிமன்றத் தெரு என்று நாம் சொல்லலாம். அதன் கிழக்கு முனையிலுள்ள பழைய கோட்டையிலே நெடுங்காலம் நீதிமன்றங்கள் இருந்தமையால் வந்த பெயர். ஆனால் தெரு நீதிமன்றங்களை விட மிகப் பழையது. கிரேக்கர் இந்நகரை 'நெயாப்பொலிஸ்', அதாவது புதுநகர், என்று பெயரிட்டு அமைத்தபோது கிழக்கு மேற்காக மூன்று நீண்ட வீதிகளைச் சமாந்தரமாக வகுத்தனர். நடுவீதி இதுவே. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் தெருவின் கோடு பிசகவில்லை. இருபுறமும் உயர்ந்த பழைய மாடங்கள். மேலே கொடிகளில் உலரும் துணிகள். கீழே மோட்டார்ச் சைக்கிள்கள் மனிதரை உரசிக்கொண்டு போகின்றன. ஒரு கோயிலின் முன்னே வெண்கல மண்டையோடுகள் தூண்களின் மேல் வைக்கப்பட்டுள்ளன. வழிப்போக்கர் தடவித் தடவி அவை பொன் போல் மின்னுகின்றன. இவற்றுக்கிடையே சில அடிக்கொரு பீட்சாக் கடை. 1994இல் ஏழு நாடுகளின் மகாநாட்டுக்கு வந்த அமெரிக்க சனாதிபதி கிளின்ரன் இத்தெருவிலே பீட்சா உண்டார். அதன் நினைவாகச் 'சனாதிபதி' என்றே பெயர் சூடிக்கொண்ட கடையும் இங்கே உண்டு.

முதலாவது கடையிலே வாசலில் நின்ற கூட்டத்தைக் கண்டபோது நல்லூர்த் தேர் நினைவுக்கு வந்தது. பெயரைக் கொடுத்துவிட்டுத் தெருவில் நிற்க வேண்டும். அழைத்தால் உள்ளே போகலாம். முக்கால் மணித்தியாலம் நின்றோம். அவ்வேளையில் அங்கு நின்ற பயணிகள் எல்லோரும் ஒரே கதையைப் பேசிக்கொண்டிருந்தனர். 1889இல் இத்தாலிய அரசி மார்கெரீத்தா நேப்பிள்ஸுக்கு வந்தார். ரஃபாயேலே எஸ்பொசிற்றோ என்பவர் மூன்று வகைப் பீட்சாக்களை ஆக்கி அரண்மனைக்குக் கொண்டு போனார். தக்காளியின் சிவப்பும் பாற்கட்டியின் வெண்மையும் இலையின் பச்சையும் சேர்ந்து தேசக் கொடியின் நிறங் காட்டிய ஒன்றை அரசி பாராட்டினார். அதற்கே அவர் பெயர் வழங்கலாயிற்று என்பது கதை. அரண்மனையிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் நன்றிக் கடிதம் ஒரு கடைச் சுவரிலே தொங்குகிறது. கடிதம் உண்மையானதுதானா என்று வரலாற்றாசிரியர் சிலர் ஐயுறுகின்றனர். அரசி வருவதற்கு முன்பே வெளிவந்த ஒரு நகர வருணனை நூலிலே பாற்கட்டியும் அவ்விலையும் இட்ட பீட்சா பேசப்படுகின்றது. பாற்கட்டி மொத்சரெல்லா, இலை, நம்மூரில் திருநீற்றுப் பச்சை என்று வழங்குகிறோமே, அதன் இனமே. சைவப் பிள்ளைகள் அவ்விலையை மணந்து பார்த்தால் இத்தாலிய உணவென்று நினையார். கோயில் நந்தவனம் என்றே நினைப்பர்.

"மாமா, நீங்கள் மரினாரா சாப்பிடுங்கோ" என்றான் மருமகன். மரினாரா என்றால் கடல் சம்பந்தமானது என்பது எனக்குத் தெரியும். நான் மச்சம் உண்பவனல்லன் என்பது அவனுக்கும் தெரியும். "என்ன தம்பி, நீர் இத்தாலிக்கு வந்து எல்லாவற்றையும் மறந்துவிட்டீரோ?" என்று சினந்தேன். அவன் சிரித்தான். மரினாராவில் மீனும் இல்லை; பாற்கட்டியும் இல்லை. தக்காளி, உள்ளி, ஒறேகனோ என்னும் உலர்ந்த தழை, ஒலிவ எண்ணெய், உப்பு, அவ்வளவே. கெட்டுப்போகாத இப்பொருள்களைக் கப்பற்காரர் கடலுக்குக் கொண்டு செல்வராம்; அதனால் வந்த பெயர் என்பர். மொத்சரெல்லாவைத் திரட்டுவதற்குக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறை பெரும்பாலும் பயன்படுவதால், நம்முள்ளே நோன்புடையோர் அதையும் விலக்குவர். அவர்களுக்கும் தடையில்லாத ஒரு பண்டம் மாலுமியின் பெயரைத் தாங்கி நிற்கிறது!

ஆனால் மருமகன் அதைச் சொன்ன காரணம் வேறு. "மேலை எல்லாத்தையும் போட்டால் பிழை எல்லாம் மறைஞ்சுபோகும். மரினாராவிலை ஒளிக்க இடமில்லை" என்றான். சங்கீதத்தில் பக்கவாத்தியங்களை நிறுத்திவிட்டுத் தனியே பாடச் சொல்வது போன்ற சோதனை இது என்று விளங்கிக்கொண்டேன். இந்நகரிலேயே 1870 முதல் ஒரு குடும்பம் நடத்திவரும் பெயர்பெற்ற கடை, 'தா மிக்கேலே' என்பது, நெடுங்காலம் மரினாரா, மார்கெரீத்தா ஆகிய இரண்டைத் தவிர வேறெதையும் விற்க மறுத்து வந்தது. அந்த மறுப்பின் பொருளும் எனக்கு அப்போதுதான் புலனாயிற்று.

பீட்சா வந்தது. எப்படிப் பார்க்க வேண்டும் என்று மருமகன் காட்டினான். ஓரத்தைத் தூக்கி அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். சிறுத்தைத் தோல் போலக் கரும்புள்ளிகள் சிதறியிருத்தல் வேண்டும், ஒரே கறுப்பாய் இருத்தலாகாது. பின்னர் நான்காய் மடித்துப் பார்க்க வேண்டும். கைலேஞ்சி போல மடிய வேண்டும், வெடிக்கக் கூடாது. ஏழைகள் தெருவில் நின்று உண்டது அவ்வாறு மடித்துத்தான். நம் அப்பத்தோடு ஒப்பிட்டால் ஒரு வேடிக்கை. அப்பத்துக்கு ஓரம் மெல்லியது, மொறுமொறுப்பானது; நடு தடித்தது, மிருதுவானது. பீட்சாவுக்கு நடு மெல்லியது. ஓரமே பொங்கி நிற்பது. இரண்டிலும் புளிக்க வைத்த மாவின் உயிரே சுவை. முதலாவது கடையின் பீட்சா நன்றாகவே இருந்தது. ஆனால் கூட்டத்துக்கு ஈடு கொடுக்கும் அவசரத்தில் தக்காளி நடுவிலே தேங்கிவிட்டிருந்தது. காத்துநின்ற பசிக்கு எதுவும் இனிக்கும் என்பதைக் கழித்துப் பார்த்து, நூற்றுக்கு எழுபது புள்ளி இட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது கடையில் கூட்டம் நடுத்தரம். கடைக்காரர் மருமகனைக் கண்டு தலையசைத்தார். இந்தத் தெருவிலே அவனை அறியாதார் யார் என்று எண்ணிக்கொண்டேன். இங்கே தக்காளி தேங்கவில்லை, உள்ளி கருகவில்லை. ஆனால் ஓரம் தடித்து, மென்றால் தாடை உழைக்க வேண்டியிருந்தது. பிய்த்துப் பார்த்தேன், உள்ளே காற்றறைகள் சிறியனவாயும் நெருங்கியும் இருந்தன. "அறுபது. மா சரியில்லை" என்றேன். இதற்கும் அவன் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைய கணக்குக்கு இரண்டு போதும். பிற்பகலில் சான் லொறென்சோ தேவாலயத்துக்குள் புகுந்தோம். நீதிமன்றத் தெருவின் ஓரத்திலேயே அது நிற்கிறது. படிகளில் இறங்கினால் நிலத்தின் கீழே உரோமர் காலத்துத் தெரு ஒன்று அகழ்ந்து விடப்பட்டிருக்கிறது. அதன் ஓரமாகச் சிறு சிறு கடைகள். அவற்றுள் ஒன்று வெதுப்பகம். செங்கல் வளைவோடு போறணை இன்னும் நிற்கிறது. தலைக்கு மேலே, அதே தெருவில், பீட்சா வெந்துகொண்டிருக்கிறது. உரோமர் பீட்சா உண்டனர் என்று இதனாற் கொள்ளலாகாது. தக்காளி அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தது பதினாறாம் நூற்றாண்டிலே. 2023இல் பொம்பெயி அகழ்வில் கண்டெடுக்கப்பட்ட சுவரோவியம் ஒன்றிலே தட்டையான ரொட்டியின் மேல் பழங்கள் முதலியன வைக்கப்பட்டிருந்ததைக் கண்டு பத்திரிகைகள் 'பழைய பீட்சா' என்று எழுதின. மாணவர்கள் அதை அப்படியே நம்பிவிடலாகாது. போறணை பழையது, பீட்சா அதனுள்ளே பின்னர் வந்து குடியேறியது.

குடியேறியபோது அது ஏழைகளின் உணவாகவே இருந்தது. பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாந்தர் டூமா 1843இல் வெளியிட்ட நேப்பிள்ஸ் பயண நூலில், இந்நகரத்து வறியவர் குளிர்காலத்தில் பீட்சாவும் வெயிற்காலத்தில் வத்தகப் பழமும் உண்டு வாழ்வதாக எழுதினார். 'எட்டுப் பீட்சா' என்று ஒன்று உண்டென்று கேள்விப்பட்டு, எட்டு நாட்களுக்கு முன்னர் சுட்டதென்று பொருள் கொண்டுவிட்டார். உண்மையில் அது இன்று உண்டு எட்டாம் நாள் காசு கொடுக்கும் பீட்சா! நம்மூர்க் கடைகளிலே கடன் கொப்பியில் எழுதிவிட்டுப் போகும் எவரும் அந்தப் பெருநாவலாசிரியருக்கு அதை விளக்கியிருப்பர். 1954இல் வெளிவந்த தெ சீக்காவின் 'நேப்பிள்ஸின் பொன்' என்னும் திரைப்படத்தில் சோபியா லோறன் பீட்சா விற்பதும் இந்த முறையிலேதான். பினோக்கியோவைப் படைத்த கொல்லோடி பீட்சாவைக் கண்டு முகஞ் சுளித்தார். 1886இல் அவர் வெளியிட்ட நூலிலே அதை அழுக்குப் படிந்த பண்டம் என்னும் தொனியில் வருணித்தார். இத்தாலியரே ஒருகாலத்தில் இத்தாலியரின் உணவை இவ்வாறு கண்டனர் என்பது நினைக்கத்தக்கது.

மூன்றாவது கடையை மறுநாள் நானே தேர்ந்தெடுத்தேன். காரணம் அறிவு சார்ந்ததன்று. வாசலில் ஒருவரும் நிற்கவில்லை. உள்ளே ஆறேழு மேசைகள். போறணைக்கு எதிரே உள்ள மேசையில் அமர்ந்தமையால் தொழிலை முழுமையாகப் பார்க்க முடிந்தது. இருவர் வேலை செய்தனர். ஒருவர் மாவுருண்டையை எடுத்து நடுவிலிருந்து விரல்களால் அமுக்கி அமுக்கிக் காற்றை ஓரத்துக்குத் தள்ளினார்; பின்னர் கைக்குக் கை மாற்றி அடித்து விரித்தார். உருட்டுக்கட்டை இல்லை, வீச்சு றொட்டிக்காரரின் ஆர்ப்பாட்டமும் இல்லை. மற்றவர் போறணைக்காரர்; வயது முதிர்ந்தவர். நீண்ட பிடியுள்ள தட்டகப்பையால் பீட்சாவை உள்ளே வைத்தார், ஒருமுறை திருப்பினார், கடைசியில் சிறிது தூக்கி மேல்வளைவின் சூட்டைக் காட்டினார், எடுத்துவிட்டார். என் கைக்கடிகாரத்தில் எண்பது வினாடி.

இங்கே விஞ்ஞான மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. வெப்பம் இடம்பெயரும் முறைகள் மூன்று என்று படித்திருப்பீர்கள். அம்மூன்றும் இப்போறணையில் ஒரே வேளையில் வேலை செய்கின்றன. செங்கல் தளம் கடத்தலால் அடியைச் சுடுகிறது. தாழ்ந்த வளைவு கதிர்வீசலால் மேற்புறத்தைச் சுடுகிறது. ஒரு பக்கத்தில் எரியும் விறகின் சுடர் மேல்வளைவைத் தழுவி வரும்போது காற்று மேற்காவுகையால் சூட்டைச் சுற்றிக் கொண்டு வருகிறது. வாய் தாழ்ந்தும் ஒடுங்கியும் இருப்பது சூடு வெளியேறாமைக்காக. ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் நேப்பிள்ஸ் பீட்சாவைப் பாரம்பரியப் பண்டமாகப் பதிவு செய்தபோது இவற்றையெல்லாம் எண்களால் வகுத்தது: தளத்தின் சூடு சுமார் 485 பாகை செல்சியஸ், வேகும் நேரம் 60 முதல் 90 வினாடி, விட்டம் 35 சென்ரிமீற்றருக்கு மேற்படலாகாது, நடுவின் தடிப்பு 0.4 சென்ரிமீற்றர். பாண் வேகும் சூட்டிலே பீட்சாவை வைத்தால் வேகப் பல நிமிடமாகும். அதற்குள் மாவிலுள்ள நீர் வெளியேறி அது பிஸ்கற் போலாகிவிடும். கடுஞ்சூட்டிலே நீர் வெளியேற அவகாசமே இல்லை. வெளியே கருகலும் உள்ளே ஈரமும் ஒருங்கே அமைவது இதனாலே.

அந்த மரினாராவைப் பற்றி அதிகம் எழுதுவதற்கில்லை. மடித்தேன், மடிந்தது. ஓரத்தைப் பிய்த்தேன், பெரிய காற்றறைகளிலிருந்து ஆவி எழுந்தது. தக்காளியின் புளிப்பு, உள்ளியின் காரம், விறகின் மணம், இவற்றுக்கெல்லாம் அடியில் நன்கு புளித்த மாவின் இனிமை. அந்தத் தெருவில் மூன்றே கடைகளில் உண்டு தீர்ப்புச் சொல்வது சட்டத்துக்கு ஒவ்வாது என்பது தெரியும். இருந்தும் "தொண்ணூறு. இதுதான்" என்றேன்.

மருமகன் தலை குனிந்தவாறே சொன்னான்: "சரி மாமா. நேற்று நீங்கள் அறுபது போட்ட கடைதான் நான் வேலை செய்யிற கடை. அந்த மாவும் என்ரை கைதான்."

எனக்கு வாயடைத்துவிட்டது. எழுபதாவது இட்டிருக்கலாம் என்று மனம் பதைத்தது. அவனோ சினக்கவுமில்லை, சமாதானம் சொல்லவுமில்லை. "நீங்கள் சொன்னது சரி. முந்தநாள் இரவு குளிர். மா இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்திருக்க வேணும். எனக்குத் தெரியும், ஆனால் கடை திறக்கிற நேரம் வந்திட்டுது" என்றான். பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது எத்தனை பிள்ளைகள் இப்படிச் சொல்லியிருக்கின்றனர் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணுவதற்கு அதிக நேரம் தேவைப்படவில்லை.

ஆயினும் தமக்கையாருக்கு நான் வாக்குக் கொடுத்தவன். வழக்கை எளிதில் விட்டுக்கொடுக்கலாமா? எனக்கு ஒரு சாட்சியம் இருந்தது. மத்தில்தே செறாவோ என்னும் எழுத்தாளர் 1884இல் வெளியிட்ட 'நேப்பிள்ஸின் வயிறு' என்னும் நூலிலே ஒரு செய்தி உண்டு. நேப்பிள்ஸ்காரர் ஒருவர் உரோமாபுரியில் பீட்சாக் கடை வைத்தார். அங்கே வாழ்ந்த நேப்பிள்ஸ் மக்கள் முதலில் திரண்டு வந்தனர், பின்னர் கூட்டம் தேய்ந்தது, கடையும் மறைந்தது. தன் மண்ணைப் பிரிந்த பயிர் பட்டுப்போயிற்று என்பது ஆசிரியையின் கருத்து. "இருநூறு கிலோமீற்றர் தூரத்துக்கே போகமுடியாத பண்டம் யாழ்ப்பாணம் வரை வருமோ?" என்று கேட்டேன்.

"1905இலை நியூயோர்க்குக்குப் போச்சுது, மாமா" என்றான். உண்மைதான். லொம்பார்டி என்பவரின் கடை அங்கே அவ்வாண்டிலே தொடங்கியதாகச் சொல்வர். விறகுக்குப் பதிலாக நிலக்கரியை எரித்தனர். நேப்பிள்ஸ்காரரே 1984இல் ஒரு சங்கம் அமைத்து, முறை தவறாமல் சுடுவோர் எந்நாட்டவராயினும் அவரை ஏற்றுக்கொள்கின்றனர். யுனெஸ்கோ 2017இல் மனித குலத்தின் கலாசார மரபுகளுள் ஒன்றாகச் சேர்த்ததும் பீட்சாவை அன்று, பீட்சா ஆக்குவோரின் கலையை. அப்போது இந்நகரில் அத்தொழிலில் சுமார் 3000 பேர் இருந்தனராம். கைக்குள் இருப்பது கடல் கடக்கும் என்பது அவனுடைய வாதம். என்னிடம் மறுமொழி இல்லை. ஆனால் ஆசிரியர்கள் அதை உடனே ஒப்புக்கொள்வதில்லை.

மாறாக, ஒரு சோதனை செய்தேன். தமக்கையாருக்கென்று மூன்றாவது கடையிலே ஒரு பீட்சாவைப் பெட்டியில் வாங்கினேன். "வேண்டாம் மாமா" என்றான், கேட்கவில்லை. இரவுக் கப்பலில் ஏறி இரண்டு மணித்தியாலத்தின் பின் திறந்து பார்த்தேன். மூடிய பெட்டிக்குள் எழுந்த ஆவி மீண்டும் பீட்சாவிலேயே படிந்து அதை நனைத்துவிட்டது. பொங்கிய ஓரம் சுருங்கித் தோல் போலாயிற்று. தொண்ணூறு புள்ளி நாற்பதுக்கு இறங்கியிருந்தது. போறணையை விட்டுப் பத்து நிமிடத்துக்குள் உண்ண வேண்டிய பண்டம் அது. பீட்சா பயணம் செய்யாது. அவன் சொன்னது போலச் சுடுபவனே பயணம் செய்ய வேண்டும். என் சாட்சியம் எனக்கு எதிராகவே திரும்பிற்று.

தமக்கையார் பெட்டியைத் திறந்து பார்த்து, "இதுக்கோ அவன் நாலு வருஷம் விறகு சுமந்தவன்?" என்றார். நான் நிகழ்ந்ததைச் சொன்னேன். அறுபது புள்ளிக் கதையையும் மறைக்கவில்லை. அவர் நெடுநேரம் பேசாதிருந்து, "உன்னை அனுப்பினதுதான் பிழை" என்று சொல்லிவிட்டுத் தேநீர் வைக்கப் போனார். இன்றுவரை அவருக்கு முழுச் சம்மதம் இல்லை. அவர் அச்சம் அச்சமே. சேர்த்த பணம் ஒரு முறைதான் போகும்.

ஊர் வந்து சேர்ந்தபின் மருமகன் நீண்ட கடிதம் எழுதியிருந்தான். நமது வெப்பத்தில் மா விரைவில் புளித்துவிடுமாதலால் நொதியை எவ்வளவு குறைப்பது, நம் செம்மண் தோட்டங்களின் தக்காளியிலே புளிப்பு எவ்வளவு, எந்த விறகு புகையாமல் நின்றெரியும் என்றெல்லாம் கேள்விகள். வீட்டில் இருந்தவாறே விடை சொல்லக் கூடியவை அல்ல. நான் படிப்பித்த காலத்தில் அவன் இவ்வளவு கேள்வி கேட்டதில்லை. கடைசிக் கேள்வி போறணை கட்டத் தெரிந்த மேசன் ஒருவரைப் பற்றியது.

வெதுப்பகங்களுக்குப் போறணை கட்டிப் பழகிய முதியவர் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். நம்முடைய போறணையில் விறகை உள்ளே எரித்து, தணலை வெளியே இழுத்துவிட்டுத் துடைத்து, தணிந்துவரும் சூட்டிலேதான் பாணை அடுக்குவர். நான் தணலும் சுடரும் உள்ளேயே நிற்க வேண்டும் என்றபோது அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நெருப்பு உள்ளுக்குக் கிடக்கப் பாண் போடுறதோ? கரியாய்ப் போகும், ஐயா."

"ஒன்றரை நிமிடத்தில் எடுத்துவிடுவோம்" என்றேன்.

அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு சிறிது நேரம் நிலத்தைப் பார்த்திருந்தார். பின்னர் ஒரு தடியால் மணலிலே வளைவு ஒன்று கீறினார்; அதை அழித்துவிட்டு இன்னும் தாழ்வாக ஒன்று கீறினார்.

"வாயை எவ்வளவு உயரத்துக்கு விடவேணும்?" என்று கேட்டார்.

மருமகனுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.